வெள்ளிக்கிழமைகளில் ருசி பார்ப்பதில்லை

இஞ்சாருங்கோ, நிலானியின்ரை அப்பா,

கூப்பிட்ட உடனே திரும்பிப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இரண்டு மூன்று தரம் கூப்பிட்டால்தான் "ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். இப்போது அந்தச் சத்தமும் இல்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன், நீங்கள் கேட்கத்தான் வேண்டும்.

கனடாவிலிருந்து உங்கள் அண்ணர் ஃபோன் எடுத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடிக்கிறாராம், மனைவியின் பக்கத்துக்கு நான் ஏதாவது எழுத வேண்டுமாம். "நீர் கஷ்டப்படாதையும் பிள்ளை, ஒரு மாதிரி அனுப்புறன், பேரை மட்டும் மாத்தினால் காணும்" என்று ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டார். 'குடும்பத்தின் ஒளிவிளக்கே' என்று தொடங்குகிறது. நடுவில் 'பொய்யறியா உத்தமரே' என்று ஒரு வரி. அதை வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பக்கத்தை நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

வாசிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். இவர் இங்கே இத்தாலியில், கபோச் சந்தைக்குப் பின்னால் சால்வோ என்கிற மனிதரின் நிலவறையில் வேலை செய்தார். சால்வோ பியர் காய்ச்சுகிறவர். டின்னில் விற்கிற மஞ்சள் தண்ணீர் இல்லை. கறுப்பாய், தடிப்பாய், வைனைப் போல ஏறுகிற பியர். மர்சாலா வைன் ஊறின பழைய மரப் பீப்பாக்களில் ஊற்றி வருஷக்கணக்கில் பேசாமல் வைத்திருப்பார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் மரம் நாக்கைப் பிடிக்கும், பிந்தினால் வினாகிரிதான். எந்தப் பீப்பா எப்போது போத்தலுக்குப் போகலாம் என்று ருசி பார்த்துச் சொல்வது இவருடைய பொறுப்பு. பலெர்மோவிலேயே இப்படி ஒரு மூக்கு இல்லை என்று சால்வோ ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்த மூக்கின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். கோபிக்காதையுங்கோ.

அந்தப் பெருந்தொற்றுக் காலத்துக் காய்ச்சலோடு உங்களுக்கு மணம் போனது. எல்லாருக்கும் திரும்பி வந்தது, உங்களுக்கு வரவில்லை. அடுப்பில் கருவாடு கருகும்போது பக்கத்தில் நின்று ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "சால்வோட்டைச் சொல்லுங்கோவன்" என்றேன். "விசரே உமக்கு? வேலை போனால் கொந்த்ராத்தோ போகும், கொந்த்ராத்தோ போனால் பெர்மெஸ்ஸோ போகும்" என்றீர்கள். வேலை ஒப்பந்தத்தையும் விசாப் பேப்பரையும் காட்டினால் இங்கே எந்த வாயும் மூடும்.

பிறகு தொடங்கியது அந்தக் கோதாரி. சாப்பாட்டுப் பைக்குள் சின்னப் போத்தல் ஒன்று வரும். லிபெர்த்தா வீதியில் என் முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டு வேலை முடித்து, நாரியும் இடுப்பும் முறிய வந்து நான் சோறு வடித்துக்கொண்டிருப்பேன். நீங்கள் குசினிக் கதவைச் சாத்திவிட்டு, "இஞ்சாரும், இதைக் கொஞ்சம் வாயிலை விட்டுப் பாரும்" என்பீர்கள். எங்கள் வீட்டில் ஆம்பிளைகளே கள்ளை ஒளித்துக் குடித்தவர்கள். அந்த வீட்டுப் பிள்ளை நான் சிங்குக்கு முன்னால் நின்று பியரைக் கொப்பளித்துத் துப்பினேன். சிஞ்ஞோரா ஒருநாள் என் பக்கமாய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாவே, அந்த வெட்கத்தை யாரிடம் சொல்ல?

ஆனால் செய்கிற வேலையைத் திருத்தமாய்ச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு குணம். ஒவ்வொரு தரமும் விவரமாய்ச் சொன்னேன். இதில் பாக்குக் கயர், அந்தத் துவர்ப்பு, நிற்கிறது. இதில் பனங்கட்டிப் பாணி அடிப்பிடித்த வாசம். இது பழப்புளியும் முந்திரிகை வற்றலும் சேர்ந்த மாதிரி, நல்லாயிருக்கு. இது பொல்லாத சூடு, தொண்டைக்குள் மிளகாய் விழுந்த மாதிரி. நீங்கள் எனக்கு முன்னாலேயே நிற்பீர்கள். கவனமாய்க் கேட்டு, இத்தாலியனில் அழகாய் மாற்றி அங்கே போய்ச் சொல்கிறீர்கள் என்று நான் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் தொடமாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டேன். விரத நாள். நீங்களோ, பார்த்துப் பார்த்து வெள்ளிக்கிழமையில்தான் போத்தலோடு வருவீர்கள். எத்தனை சண்டை! கடைசியில் சரி என்றீர்கள். அந்தச் சரியை அங்கே போய் என்னவென்று சொன்னீர்கள் என்பது நீங்கள் போன எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எட்டுக்கு உங்களுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். ஆட்டிறைச்சி, நண்டு, கணவாய் எல்லாம். சால்வோ தானே மாடிப்படி ஏறி வந்து, நீங்கள் சரி சொல்லி அடைத்த பழைய போத்தல்களில் மூன்றைப் படத்துக்கு முன்னால் வைத்தார். கும்பிட்டு முடிய உங்கள் சிநேகிதன் குணம், மொண்டெல்லோ ரெஸ்டோரண்டில் ஊருக்கே குடிவகை பரிமாறுகிற மனுசன், அதை எடுத்து ஐஸ் போட்டு ஸ்பிரைட் ஊற்றினார். "கொஞ்சம் கசக்குது அக்கா, இப்ப சரி" என்றார். சால்வோவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். செத்தவீட்டில் என் கவலை ஸ்பிரைட்டிலா இருக்க வேண்டும்? இருந்தது. எல்லாம் உங்களால்தான்.

பிறகு சால்வோ எங்கட ஆக்களுக்கு உங்கள் பெருமையைச் சொன்னார். எங்கள் நிலானி தமிழில் மாற்றிச் சொன்னாள். உங்களுக்கென்று ஒரு பெரிய விதி இருந்ததாம். வெள்ளிக்கிழமை நாக்கு உண்மை சொல்லாது, அன்றைக்கு ஒரு பீப்பாவையும் தொடக்கூடாது. இன்றுவரை அந்த நிலவறையில் வெள்ளிக்கிழமை யாரும் ருசி பார்ப்பதில்லையாம். என் விரதத்தைச் சாஸ்திரமாக்கி விற்றிருக்கிறீர்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப்போய் அழுதேன். எல்லாரும் என்னைப் பிடித்து இருத்தினார்கள்.

போன கிழமை சால்வோ திரும்ப வந்தார். கையில் சின்னப் போத்தல். நீங்கள் கடைசியாக நிரப்பிய பீப்பாவிலிருந்து முந்தின நாள் எடுத்ததாம். திங்கட்கிழமை அதைப் போத்தலில் அடைக்கப் போகிறாராம், லேபிளில் உங்கள் படமும் பெயருமாம். "முதல் வாய் நீங்கள்தான் குடிக்க வேண்டும் சிஞ்ஞோரா" என்று கிளாஸில் ஊற்றி நீட்டினார்.

மணமே சொல்லிவிட்டது. கயர் போகவில்லை. பலகை முன்னுக்கு நிற்கிறது, இனிப்பு எங்கோ பின்னால் ஒளித்திருக்கிறது. இதை அடைத்தால் ஊர் முழுக்க உங்கள் சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டே துப்பும். வேண்டாம் என்று நான் சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சால்வோ கேட்பார். அப்போது நீங்கள் பொய்யர். சொல்லாவிட்டால் நீங்கள் கெட்ட பியர். இதில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று என்னை விட்டுவிட்டுச் சுகமாய்ப் போய்ப் படுத்துவிட்டீர்கள். மணம் போனதை மறைத்தீர்கள், நெஞ்சு நோவதையும் மறைத்தீர்கள். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே? எத்தனை நாள் நொந்தது? கை காலில் விழுந்தாவது டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேனே.

சால்வோ கிளாஸை நீட்டிக்கொண்டே நிற்கிறார். என் வாய் தன்பாட்டில் சொன்னது, "இண்டைக்கு ஏலாது. வெனெர்தீ."

வெள்ளிக்கிழமை என்கிற அந்த ஒரு சொல்தான். சால்வோ கையை இறக்கினார். நிலானியைப் பார்த்து, "உன் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை என்ன?" என்று கேட்டார். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. "அம்மா வெள்ளிக்கிழமை விரதம். நான் பிறக்க முதலே அப்படித்தான்" என்றாள்.

மனிதர் கதிரையை இழுத்து இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் உடைந்த இத்தாலியனிலும் நிலானியின் வாயாலும். கத்துவார் என்று நினைத்தேன். "முதலே சொல்லியிருந்தால் போத்தலை நானே உங்களிடம் கொண்டுவந்து தந்திருப்பேனே" என்றார். கேட்டீர்களா? அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் நாலு வருஷமாய்க் கதவைச் சாத்தினோம்.

பிறகு, ருசி பார்த்துவிட்டு என்ன சொல்லி அனுப்புவீர்கள் என்று என்னிடம் கேட்டார். பாக்குக் கயர், பனங்கட்டிப் பாணி என்று நான் சொல்ல, நிலானி முழித்தாள். "அல்லோரா... அப்ப அம்மா, பனங்கட்டிக்கு இத்தாலியனிலை என்ன சொல்லுறது?" என்றாள். சால்வோ தலையாட்டினார். இப்படி ஒன்றையும் நீங்கள் சொன்னதே இல்லையாம்.

"பிறகு என்ன சொல்லுவார்?" என்று கேட்டேன்.

"நெற்றி இன்னும் சுருங்குது, பொறுங்கோ என்பார். இல்லாவிட்டால், நெற்றி விரிஞ்சிட்டுது, அடைக்கலாம் என்பார். பியருக்கு ஏது நெற்றி? உங்கள் ஊரில் அப்படித்தான் கதைப்பார்கள் என்று நினைத்தோம்."

இஞ்சாருங்கோ. அப்போ நான் நாரி நோக நின்று விளக்கினதெல்லாம்? ஒரு சொல்லாவது காதில் விழுந்ததா? முன்னால் நின்று என் முகத்தை மட்டும்தானா பார்த்தீர்கள்? கல்யாணம் கட்டின காலத்திலிருந்து என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று எத்தனை தரம் உங்களோடு சண்டை பிடித்திருப்பேன். ஒரு தரமாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு உங்களில் சரியான கோவம். கோவம் போனால் அழுகைதான் வருகிறது. அதனால் விட மனமில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை, முதல்முறையாக அந்த நிலவறைக்குப் போனேன். சால்வோ உங்கள் பீப்பாவிலிருந்து கொஞ்சம் ஊற்றித் தந்தார். குடித்தேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார், திங்கட்கிழமைக்கென்று எடுத்து அடுக்கி வைத்திருந்த வெறும் போத்தல்களைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

இனி ஒவ்வொரு சனியும் போவேன். வருஷம் முடிந்து உங்கள் ஆட்டைத் திவசம் வருவதற்குள் கயர் போய்விடும். போனதும் முதல் கிளாஸ் உங்கள் படத்துக்கு முன்னால்தான். குணம் ஸ்பிரைட்டோடு கிட்ட வரமாட்டார், அதற்கு நான் பொறுப்பு. சால்வோவும் என் முகத்தைக் கவனமாய்த்தான் பார்க்கிறார். ஆனால் அவர் பியருக்காகப் பார்க்கிறார்.

இன்னும் நெற்றி விரியாத
உங்கள் மனுசி,
நிலானியின் அம்மா