முன் சீட்டில் உட்கார்ந்தவனுக்கு

இன்று காலை கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் சிக்னலில் எனக்கு முன்னால் ஒரு மணல் லோரி நின்றது. நம்பர் பிளேட்டில் பி, எஃப், டி. சிக்னல் விழுவதற்குள் என் வாய் தானாக "பெனிஃபிட்" என்றது. காரில் நான் மட்டும்தான். யாரிடம் சொன்னேன்? உன்னிடம்தான் என்று உறைத்ததும் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப் போயும் என் நாக்கை விட்டு இறங்கமாட்டேன் என்கிறாயே அண்ணே, உனக்கு வெட்கமே கிடையாதா?

அது நீ கண்டுபிடித்த விளையாட்டு. முன்னால் போகும் வண்டியின் எழுத்துகள் அதே வரிசையில் வருகிற ஓர் ஆங்கில வார்த்தையைச் சொல்ல வேண்டும். முதலில் சொன்னவருக்கு ஜெயம். கிள்ளானிலிருந்து அப்பாவின் காரில் வீடு திரும்பும்போதெல்லாம் கடைசி வடை யாருக்கு, டிவியில் எந்தச் சேனல், எல்லாம் இதில்தான் முடிவாகும். "ஆம்பளப் புள்ள முன்னாடி உக்காரட்டும்" என்று அம்மா சொல்லிவிடுவாள். நான் பின் சீட்டில் அப்பாவின் தலைக்கும் உன் தலைக்கும் நடுவே கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பேன். நான் எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் நீ வார்த்தையைச் சொல்லியிருப்பாய். "உனக்கு இங்கிலீஷ் பத்தாது லா" என்பாய். நானும் நம்பினேன். இரவெல்லாம் அகராதியைப் புரட்டிய மடச்சி நான்.

அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த வருடம் உனக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. எனக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. அப்பாவும் போய்விட்ட வீட்டில் அம்மாவை இனித் தனியாக விட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து பெடரல் ஹைவேயில் திரும்பி வரும்போது நீதான் ஆரம்பித்தாய்.

"சண்ட போட வேணாம் லா. பிளேட் போடுவோம். தோத்தவங்க அம்மாகூட இருக்கணும். சரியா?"

சரி என்றேன். அப்போது நானும் முன் சீட்டில், உன் பக்கத்தில் இருந்தேன். இனி உனக்கும் எனக்கும் ஒரே பார்வை என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் நீ லேன் மாறினாய். நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேனை விட்டு, நகரவே நகராத ஒரு பழைய வேனுக்குப் பின்னால் போய் ஒட்டினாய். "இந்த வண்டி" என்றாய். பி, ஜே, கே. நான் ஜே-யிலேயே முட்டிக்கொண்டு நிற்க, நீ ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி "பிளாக்ஜாக்" என்றாய். அவ்வளவுதான், என் சிங்கப்பூர் முடிந்தது.

அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்காக நான் இன்றுவரை நொந்துகொள்ளவில்லை. அவளைத் தூக்கி உட்கார வைத்தேன், குளிப்பாட்டினேன், கடைசியில் வாயில் பாலும் ஊற்றினேன். நீ தீபாவளிக்கு வந்து புடவை கொடுத்துவிட்டுப் போனாய். "தங்கச்சி நல்லா பாத்துக்குறா" என்று எல்லாரிடமும் சொன்னாய். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும்.

அம்மா போன பிறகுதான் நான் கார் ஓட்டக் கற்றேன். முதல் வாரமே உன் குட்டு வெளிப்பட்டது. ஓட்டுகிறவன் எந்த வண்டியையும் தேடிப் போய் அதன் பின்னால் நிற்கலாம். வார்த்தையை முதலில் யோசித்து வைத்துக்கொண்டு, எழுத்தைப் பிறகு காட்டலாம். உன்னிடம் வந்து நேராகவே கேட்டேன். நீ மறுக்கக்கூட இல்லை. சிரித்தாய்.

"கேம்தானே லா. இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கே?"

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, உன் பிள்ளைகள் ஹாலில் உட்கார்ந்து பேசினார்கள். சர்க்கரையில் பார்வை மங்கிப்போன அண்ணியை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு. உன் மகளுக்கும் வெளியூரில் வேலை வந்திருந்தது, அதுவும் சிங்கப்பூரிலேயே. உன் மகன் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே சொன்னான்.

"அப்பா மாதிரி பிளேட் போட்டுருவோம் லா. நான் ஓட்டுறேன். அத்தைகூட அப்ப வேணும்னேதான் தோத்தாங்களாம். பாட்டிய விட்டுட்டுப் போக மனசில்லாம சந்தோஷமா விட்டுக்குடுத்தாங்கன்னு அப்பா சொல்லியிருக்காரு."

பாவி! என்னிடமிருந்து பிடுங்கியதை நானே கொடுத்ததாகவா சொல்லி வளர்த்தாய்?

"நான் விட்டுக்குடுக்கல. உங்கப்பா ஏமாத்துனாரு" என்றேன். லேன் மாறியதிலிருந்து எல்லாவற்றையும் உடைத்தேன். உன் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மட்டும் இளித்தான்.

"கேம்தானே அத்தை."

"கேம்தானே? அப்ப நீ தோத்துக்கோ. உங்கம்மாவ நீ பாரு."

சாவி சுழல்வது நின்றது. அண்ணி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் மகன்கூடவே இருந்துக்குறேன்" என்றாள். அவன் சாவியை மேசைமேல் வைத்தான்.

உன் மகள் போன வாரம் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட்டது நான்தான். நல்லது செய்தாய், இனி அண்ணன் மேல் இருக்கிற கோபத்தை விட்டுவிடு என்று ஊரே புத்தி சொல்கிறது. விடமாட்டேன். இத்தனை வருடம் அதை வைத்திருந்ததால்தான் அன்று எனக்கு வாய் திறந்தது. என் வாழ்க்கையைத்தான் உன்னிடம் தோற்றேன் அண்ணே. கோபத்தையும் கேட்டு வராதே.