ஓட்டுநர் இல்லாத வண்டியில் இருவர்

செவ்வாய், 18 நவம்பர்

மழை. சப்பாத்துக்குள் ஈரம். குடை மறுபடியும் வேலை செய்யும் கடையில்.

விடியும் முன்பே நவேத். போர்த் து லா ஷப்பலில் ஏறினால் கார் து நோர் ஸ்ரேசன் வரை போகும் சின்ன வண்டி. எட்டு இருக்கை, ஓட்டுநர் கிடையாது. கூரையில் கமெரா, கதவருகே ஆபத்துக்குச் சிவப்புப் பொத்தான். முழுப் பாதுகாப்பாம், சுவரொட்டி சொல்கிறது. பழைய பஸ் ஓட்டுநர் யாரையும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை. ஆனால் முன்னால் அவருடைய முதுகு தெரியும். அது போதுமாக இருந்தது.

இன்று நானும் ஒரு பெண்ணும் மட்டும். முப்பது வயதிருக்கும். துப்புரவு வேலைக்கான நீல மேற்சட்டை. நான் பிரெஞ்சுப் பேப்பரை விரித்ததும் கைபேசியைக் காதில் வைத்தாள். தமிழ்!

"ஓம் அண்ணை, ஏறிட்டன். ஒரு ஆள் இருக்குது. எங்கடை ஆள் மாதிரித் தெரியேல்லை. முகத்தைப் பாக்கவே பயமாக் கிடக்கு. நீங்கள் ஸ்ரேசன் வாசல்லை நில்லுங்கோ."

பத்து வருடம் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்த முகம் இது. பேப்பரை இறக்கவில்லை.

ஸ்ரேசன் வாசலில் எவரும் நிற்கவில்லை. தனியாகவே படியிறங்கிப் போனாள்.

புதன்

மழை இல்லை. குளிர்.

வெங்காயம், முருங்கைக்காய், உறைந்த மீன். முதலாளி ஊரில் என்னிடம் படித்தவன். கணிதத்தில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். இன்று, "மாஸ்ரர், யோசிச்சது காணும், மூட்டையை இறக்குங்கோ." நவேத்தைப் பற்றிக் கேட்டேன்.

"என்ரை மனிசியை நான் அதிலை ஏறவே விடமாட்டன் மாஸ்ரர். கண்டவனோடை பூட்டி வைச்சால் ஆரைக் கூப்பிடுறது? ஆனால் அவ சொல்லுறா, நான் கார் ஓட்டுறதைவிட அது பயமில்லையாம்."

கடை முழுக்கச் சிரிப்பு. கண்டவன் என்றால் நான்.

சார்செலில் இருக்கும் என் தம்பியின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கும் நடந்திருக்கிறது. எனக்கு அழைப்பு இல்லை. முதலாளியின் கைபேசியில் படம் பார்த்தேன். மண்டபம் பெரிது.

காலையும் அதே பெண், அதே பேச்சு. வாசலில் இன்றும் எவரும் இல்லை. அப்படி ஓர் அண்ணன் கிடையாது. துணைக்கு ஆள் இருப்பதாகக் காட்டத்தான் அந்தப் பேச்சு. "தங்கச்சி, நானும் தமிழ்தான்" என்று சொல்லலாம். சொன்னால், எல்லாம் கேட்டுவிட்டேன் என்று தெரிந்துவிடும். அவளுக்கு இருக்கிற ஒரே வேலியும் போய்விடும்.

நாளை பாதியில் இறங்கி நடப்பது. அவள் பயமில்லாமல் போகட்டும்.

வியாழன்

எழுத்து கோணல்.

ரூ பிலிப்-து-ஜிரார் நிறுத்தத்தில் கதவுப் பொத்தானை அழுத்தி இறங்கினேன். கதவு திறந்ததும் ஒருவன் ஏறினான், கையில் பியர். மற்ற அத்தனை இருக்கையும் காலி. அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நான் அழுத்தித் திறந்த கதவு.

மூடப்போன கதவுக்குள் காலை விட்டேன். மறுபடி ஏறினேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல்: கமெராவில் பார்க்கிறோம், தயவுசெய்து உட்காருங்கள். அவன் அவளுடைய பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பெயர் கேட்கிறான். அவள் கைபேசிக்குள், "அண்ணை... அண்ணை..."

என் கைபேசியை எடுத்தேன். அழைக்க எவரும் இல்லை. சும்மா காதில் வைத்தேன். வகுப்பறைக் குரல் எங்கிருந்தோ வந்தது.

"ஓம் தங்கச்சி, நான் இதுக்குள்ளைதான் இருக்கிறன். எழும்பி என்ரை பக்கத்திலை வந்து இரு. பயப்பிடாதை."

என்னைப் பார்த்தாள். பிறகு தன் கைபேசிக்குள், "ஓம் அண்ணை."

வாரை இழுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ திட்டினான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினான்.

அதன் பிறகும் இருவரும் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சாப்பிட்டியா?"

"பாண் சாப்பிட்டனான், அண்ணை."

"அது காணாது."

என்னைக் கடைசியாக அண்ணை என்றவன் தம்பி. அதுவும் சண்டையில்.

வெள்ளி

பனிமூட்டம். குடை எடுத்தாயிற்று.

ஏறினாள். கைபேசி பைக்குள். எதிர் இருக்கை. வணக்கம்கூட இல்லை. நானும் பேப்பரை விரித்தேன். கொஞ்சம் கழித்து எட்டிப் பார்த்தால் நித்திரை. வாய் திறந்து, தலை கண்ணாடியில் சாய்ந்து.

கார் து நோர். கதவு திறந்தது. அவள் அசையவில்லை. குடையைக் குறுக்கே வைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"தங்கச்சி, எழும்பு. வேலைக்குப் பிந்தப்போறாய்."