லைன் போடப் போனவள்

மச்சான்,

பென்சிலைச் சீவினால் இப்படி ஒரு மணம் வரும் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். சீவலை உள்ளங்கையில் வைத்து முகர்ந்துகொண்டே இருக்கிறேன். வெளியே பனி இறங்கியிருக்கிறது. தேயிலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கீழே ஃபேக்டரியில் கொழுந்து வாடும் வாசம். இரண்டும் கலந்து வரும்போது, பக்கத்து வீட்டில் நீ இருமிக்கொண்டே எழுந்திருப்பது போல இருக்கிறது.

நான்தான் எழுதுகிறேன், மச்சான். யாரும் கை பிடிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டு எழுதுகிறேன்.

நம் வீடுகளுக்கு நடுவே இருக்கும் பலகைச் சுவர் கூரை வரைக்கும் எட்டாது. அந்த இடைவெளி வழியாகத்தான் காலையில் எனக்குப் பேப்பர் வாசிப்பாய். நீ போன பிறகும் பேப்பர் வந்தது, குரல் வரவில்லை. அதனால்தான் கோயில் மண்டபத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் ‘அ’ கூட இல்லை. நேர்கோடு, வளைகோடு, சாய்கோடு, இவ்வளவுதான் போடச் சொன்னார்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ போட்ட சண்டை ஞாபகம் வந்துவிட்டது.

அன்று உன் பேத்தி தானா ராத்தா டவுனில் நடந்த கல்விக் கண்காட்சிக்குப் போய், பை நிறைய வண்ணத் தாள்களோடு வந்தாள். கட்டடக்கலை படிக்கப் போவதாகச் சொன்னாள்.

“அங்க என்னம்மா சொல்லித் தருவாங்க?” என்று கேட்டாய்.

“மொதல்ல லைன் போடத்தான் தாத்தா சொல்லித் தருவாங்க. கொஞ்ச மாசம் அதான்.”

உன் முகம் கறுத்துவிட்டது. நமக்கு லைன் என்றால் வேறு என்ன? ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய இந்தத் தோட்ட வீடுகள்தானே.

“நாம பொறந்த லைன் பத்தாதா லா? யுனிவர்சிட்டிக்குப் போயும் லைன் போடத்தான் படிக்கணுமா?”

உன் வாசற்படியில் உட்கார்ந்திருந்த நான், “விடு மச்சான், இந்த வாட்டியாவது கக்கூஸ உள்ள வச்சிக் கட்டச் சொல்லு” என்றேன்.

பிள்ளை சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒரு தாளின் பின்பக்கம் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, “இதான் தாத்தா லைன்!” என்றாள். நீ அதை ரொம்ப நேரம் பார்த்தாய்.

“இந்தக் கோட்டுக்கா இத்தன வருஷம்?”

அவள் பொறுமையாகச் சொன்னாள். சான்றிதழ் படிப்பு சீக்கிரம் முடியும். ஈப்போவில் ஏதாவது ஆபீசில் வரைபடம் போடும் வேலைக்குப் போகலாம். டிப்ளோமா அதற்கு மேல். அதைப் பிடித்துக்கொண்டு பட்டத்துக்கும் ஏறலாம். பட்டம் வாங்கினாலும் உடனே ஆர்க்கிடெக்ட் ஆகிவிட முடியாது. இன்னொரு பட்டம், வேலை அனுபவம், அதன் பிறகு பரீட்சை. நீ வருஷங்களை எண்ணி விரல் மடக்க ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டாய்.

உன் மகளுக்குச் சான்றிதழே போதும் என்றிருந்தது. “பொம்பளப் புள்ளப்பா, கிட்டக்க இருக்கட்டும்” என்றாள்.

நீ பேத்தியிடம் ஒன்றுதான் கேட்டாய். “அந்தச் சின்னப் படிப்பு படிச்சா, ஜன்னல் எங்க வைக்கிறதுன்னு நீ சொல்லலாமா?”

“இல்ல தாத்தா. அத ஆர்க்கிடெக்ட் சொல்வாங்க. நான் சுத்தமா வரைஞ்சு குடுக்கணும்.”

உன் பார்வை கிழக்குச் சுவருக்குப் போனது. லைனில் கடைசி வீடு உன்னுடையது. அந்தச் சுவருக்கு அப்பால் சரிவு முழுக்கத் தேயிலை. காலை வெயில் முதலில் விழுவதும் அங்கேதான். ஆனால் வீட்டின் ஒரே ஜன்னல் பின்பக்கம், கால்வாயைப் பார்த்து இருக்கிறது. “இத வரைஞ்ச தொர ஒரு நாளு இங்க படுத்திருக்க மாட்டான்” என்பாய், கால்வாய் நாறும்போதெல்லாம்.

பரீட்சை முடிவு வந்தபோது நீ இல்லை. சான்றிதழ், பட்டம் இரண்டு படிப்புக்கும் இடம் கிடைத்து, பிள்ளை தடுமாறினாள். அம்மாவைத் தனியாக விட்டுப் போகவும் மனசில்லை. என் வாசலில் வந்து நின்று, “தாத்தா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு, சின்னத் தாத்தா?” என்று கேட்டாள்.

“ஜன்னலப் பத்திக் கேட்டிருப்பான்” என்றேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. உன் மகளின் குரல் மேலே ஏறி வந்தது: “அப்படின்னா அந்தக் கம்பளிய இங்கயே வச்சிட்டுப் போ. யுனிவர்சிட்டி இருக்கிற ஊரு சூடாம்.”

பேத்தி பட்டத்துக்கே போய்விட்டாள், மச்சான்.

போன வாரம் உன் மகள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். யுனிவர்சிட்டியில் பேத்தியிடம், வளர்ந்த வீட்டை வரையச் சொன்னார்களாம்; அந்தப் படம். நம் லைனேதான்! உன் கதவு, என் கதவு, கூரை எட்டாத அந்தச் சுவர். உன் கிழக்குச் சுவரில் புள்ளி புள்ளியாக ஒரு சதுரம், அதன் பக்கத்தில் தமிழில் ஏதோ எழுதியிருந்தது. உன் மகள் வாசிக்க வாயெடுத்தாள். நான் தடுத்துவிட்டேன்.

‘தாத்தா’ சுலபம். அடுத்த எழுத்தில் கொஞ்சம் திணறினேன். ‘ஜ’ வகுப்பில் எனக்குக் கடைசியாகப் பிடிபட்ட எழுத்து. விரலை வைத்துக்கொண்டு மெதுவாக வாசித்தேன். தாத்தா ஜன்னல்.

இப்போதெல்லாம் கனவில் அது திறந்திருக்கிறது. நீ முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்து, “தேத்தண்ணி ஆச்சா மச்சான்?” என்கிறாய். விழித்ததும் வெளியே போய், அவள் புள்ளி வைத்த இடத்தில் கையை வைத்துப் பார்க்கிறேன். பலகை இன்னும் பலகையாகத்தான் இருக்கிறது. வெயில் பட்டுச் சூடாக இருக்கிறது.

அந்தச் சூட்டோடுதான் வந்து பேப்பரைப் பிரிக்கிறேன். சத்தமாகவே வாசிக்கிறேன், சுவருக்கு மேலே கேட்கிற மாதிரி.