பூமி ஆடாத புதன்கிழமை

5 பிப்ரவரி 2024, திங்கள்

வேன் பேசியாயிற்று. ரூபேஷ் ஓட்டுகிறான். சனிக்கிழமை காலை கோலாரம்மன் கோயில், பிறகு முல்பாகல் பக்கத்து ஆவணி. எங்கள் மாரிகுப்பம் தங்கச் சுரங்க லைன் வீட்டுக்காரர்கள்தான் வருகிறார்கள். இத்தனை அருகில் இருந்தும் பாதிப்பேர் பார்த்ததில்லை. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டை அவர்களுக்குப் படித்துக் காட்டலாம் என்று நினைப்பு. முடியுமா? இரண்டு வரி தாண்டினால் எனக்கே தடுமாறும்.

"ஆவணிக்குப் போறோம்னா இன்னும் ஆறு மாசம் கீதே சார்?" என்றாள் எதிர் வீட்டுக் கிருஷ்ணம்மா. ஊர்ப் பெயர் என்று விளக்கினேன். அவளுக்குத் தெரியும். என்னை விளக்கவைத்துப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

பக்கத்து வீட்டு மேக்ஸ்வெல், மனைவி வினோலியாவோடு வருகிறானாம். பெங்களூரில் வேலை, தினமும் ரயில். என்னைப் பார்த்தால் நின்று வணக்கம் சொல்லாமல் போகமாட்டான். நல்ல பையன்.

7 பிப்ரவரி, புதன்

விளக்கு வைக்கும் நேரத்தில் அதிர்வு. சுவரில் இரண்டு இடி. உடனே மேக்ஸ்வெல் வீட்டில் பாத்திரங்கள் சரிந்த சத்தம்.

சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகியும் உள்ளே தண்ணீர் ஏறிப் பாறை வெடிப்பது நிற்கவில்லை. எங்கள் ஊரில் அதற்கு ஒரே சொல், பர்ஸ்ட். வேலைக் காலம் முழுதும் அதைப் பதியும் கருவியின் முன் உட்கார்ந்திருந்தவன் நான். லைனில் ஒரு தட்டு விழுந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். வெளியே வந்து "பர்ஸ்ட்தான்" என்றேன். மேக்ஸ்வெல்லும் வாசலுக்கு வந்து, "ஆமா சார், எங்க வூட்ல ஸ்டாண்டே சாஞ்சிடுச்சி" என்றான்.

எதிர் வரிசையில் யாருக்கும் தெரியவில்லையாம். ஏன்? பாறையின் போக்கு அப்படி இருக்கலாம்.

9 பிப்ரவரி, வெள்ளி

வீடு வீடாகச் சொல்லி வந்தேன். மதியம் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே விடியும்போதே கிளம்ப வேண்டும். செருப்பை வேனிலேயே விட்டு, தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள், வெயில் ஏறினால் கல் தரையில் கால் வைக்க முடியாது. ஆவணியில் சாப்பாட்டுக் கடையை நம்ப வேண்டாம், புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். குரங்கு உண்டு, பையைத் திறந்து வைக்காதீர்கள். முட்டிவலிக்காரர்கள் மலை ஏறாமல் கீழே உள்ள கோயில்களைப் பார்த்தாலே போதும், பழமை அங்கேதான்.

வினோலியா கதவை முழுதும் திறக்காமலே கேட்டுக்கொண்டாள். முகத்தில் முந்தானை. பல்வலி என்றாள். கிராம்பு வைக்கச் சொன்னேன்.

10 பிப்ரவரி, சனி

நடந்த வரிசையில் எழுதினால்தான் எழுத முடியும்.

கோலாரம்மன் கோயில் நன்றாகவே போயிற்று. போர்க்காட்சி செதுக்கிய கற்பலகையின் முன் மேக்ஸ்வெல் வெகுநேரம் நின்றான். யானைக் காலடியில் கிடப்பவர்கள், ஓங்கிய வாட்கள். "சண்டைன்னா இது சார்" என்று அதோடு படம் எடுத்துக்கொண்டான்.

ஆவணியில் கோயில் மதிலோரம் நிழலில் சாப்பிட்டோம். பேச்சு பர்ஸ்ட் பக்கம் திரும்பியது. நான் வழக்கம்போல விளக்கினேன் - புதன்கிழமை வந்தது சுரங்கத்தின் மேல் லெவலில் பாறை உடைந்ததாக இருக்கும், அதனால்தான் ஒரு வரிசைக்கு மட்டும் தெரிந்தது என்று. வினோலியா சோற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "புதன்கிழமை பூமி ஒண்ணும் ஆடல சார்."

நான் என்ன செய்தேன்? வாதாடினேன். "நானே கேட்டேனம்மா, இரண்டு முறை." அவள் என்னைப் பார்த்தாள். மேக்ஸ்வெல் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனான். போகும்போது அவளையும் கூப்பிட்டான்.

கொஞ்ச நேரத்தில் சன்னதிக்குப் பின்னால் அந்தச் சத்தம். இரண்டு முறை. அதே இடி, அதே இடைவெளி. இத்தனை நாள் நான் கேட்டது இதைத்தானா?

போனேன். மேக்ஸ்வெல் அவள் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து, தலையைத் தூணில் மோதிக்கொண்டிருந்தான். தூணில் ரத்தம் வழிந்து செதுக்கிய பூவுக்குள் இறங்கியது. அவள் கத்தவே இல்லை. "ஆடல? ஆடலயாடி? இப்ப ஆடுதா?" என்று கேட்டுக் கேட்டு மோதினான். என்னைக் கண்டதும் "சார், இது வூட்டு விஷயம், போங்க" என்றான் - மரியாதையாக.

அவன் கையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. கடித்தேன். ஆமாம், நான்தான். வாயில் உப்பும் ரத்தமும் தட்டும்வரை விடவில்லை. முழங்கையால் என் நெஞ்சில் இடித்தான். விழுந்தேன். தரையில் சரிந்துவிட்ட அவள் வயிற்றில் உதைத்தான். அதற்குள் ரூபேஷ் ஓடிவந்து அவனைக் கீழே தள்ளி மேலேறி அடித்தான், முகத்திலேயே, நிறுத்தாமல். மற்றவர்கள் பிரித்தார்கள். ரூபேஷை யாரும் பிரிக்காமல் இருந்தால் தேவலை என்று நினைத்தேன். நானா நினைத்தேன்?

வினோலியாவை வேன் சீட்டில் படுக்கவைத்துக் கோலார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தாடை உடைந்திருக்கிறது.

11 பிப்ரவரி, ஞாயிறு

எத்தனை முறை பர்ஸ்ட் என்றிருப்பேன்.

12 பிப்ரவரி, திங்கள்

போலீஸ் ஸ்டேஷன். கோயில் படியில் தடுக்கி விழுந்தாள் என்று மேக்ஸ்வெல் எழுதிக் கொடுத்திருக்கிறான். ரூபேஷ், தான் வந்தபோது அவள் தரையில் கிடந்ததைத்தான் பார்த்ததாகச் சொன்னான், அது உண்மை. மற்றவர்கள் எதையும் பார்க்கவில்லையாம். கிருஷ்ணம்மா காலையிலேயே எச்சரித்தாள்: "நீங்க மோளச் சத்தத்துக்கே பயந்தவரு சார். உங்களுக்கு இன்னாத்துக்கு?"

அதிகாரி கன்னடத்தில் கேட்டார், இதற்கு முன் அடித்ததுண்டா, சத்தம் கேட்டதுண்டா என்று. நான் வாய் திறப்பதற்குள் மேக்ஸ்வெல் முந்தினான். "கேட்டுப் பாருங்க சார், லைன்ல எல்லாரையும். சத்தம் வர்றப்பல்லாம் பர்ஸ்ட்டுன்னு சொன்னது இவருதான். அதுக்குன்னே வேல பார்த்தவரு. இப்ப என்னைக் கடிச்சி வெச்சிட்டு மாத்திப் பேசறாரு." கட்டைப் பிரித்துக் கையைக் காட்டினான். என் பற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வாழ்நாளில் எதற்கும் "இருக்கலாம்" என்றுதான் சொல்லிப் பழகியவன். கருவி கோடு போட்டாலும் இருக்கலாம் என்றுதான் எழுதுவேன்.

"நான் தப்பாகச் சொன்னேன்" என்றேன். "இவன் வீட்டுப் பக்கமிருந்து வந்தது ஒன்றுகூட பர்ஸ்ட் இல்லை. அவன் அவளைச் சுவரில் மோதிய சத்தம்."

நிச்சயமா என்றார்.

"நிச்சயம்."

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். கடித்ததையும் எழுதச் சொன்னேன்.

24 பிப்ரவரி, சனி

மேக்ஸ்வெல் ஜாமீனில் வந்துவிட்டான். மாலையில் என் ஜன்னலில் கல். கண்ணாடி சிதறி நெற்றியில் ஒரு வெட்டு, மூன்று தையல். லைனில் யாரும் கதவைத் திறக்கவில்லை. பயந்தேன், மிகவும். ஆனால் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறவில்லை.

16 மார்ச், சனி

வினோலியா தம்பியோடும் ஒரு கான்ஸ்டபிளோடும் வந்து அடுப்பு, தையல் மெஷின், துணி எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றினாள். இனி பேத்தமங்களாவில் அம்மா வீடு. மேக்ஸ்வெல் வாசல் கம்பத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. என் வாசலுக்கு வந்தாள். தாடைக் கம்பி எடுத்தாயிற்று, பேச்சு இன்னும் குழறுகிறது.

"அடுத்து எந்தக் கோயிலு சார்?"

யார் வருவார்கள் என்னோடு என்றேன்.

"நானும் அம்மாவும். சர்ச்சுக்குப் போயிட்டு வந்து கிளம்பலாம்."

குருடுமலை என்றேன். அவள் வலது காதை என் பக்கம் திருப்பி, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

பேத்தமங்களா பஸ் ஸ்டாண்டில் ஏற வேண்டும். முல்பாகலில் மாற வேண்டும், அங்கே பெரிய ரோட்டைக் கடந்தாக வேண்டும், லாரிகள் வேகமாக வரும். அவளுக்கு இடது காது இனி கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கம் நான் நடக்க வேண்டும்.