நான் ஏற்றிய மஞ்சள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு இருமல் விட்டுவிட்டது. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் சிரித்தால் கதவில்லாத வீடு மாதிரி இருக்கிறாள். அவள் அம்மா வழக்கம்போல வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறாள். நீ 'குண்டூசி' என்று பேர் வைத்த நான் இப்போது தொப்பை போட்டு பெல்ட்டின் கடைசி ஓட்டைக்கு வந்துவிட்டேன். மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? புது வீடு மூன்றாவது மாடி என்றாயே, அதுதான் எனக்குக் கவலை.

வாராவாரம் போனில் பேசுகிறவன் எதற்காகக் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் "சரி விடுடா" என்று என்னைக் காப்பாற்றிவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். இந்தத் தடவை காப்பாற்றாதே. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

செவ்வாய்க்கிழமை உன் பார்சல் அச்சகத்துக்கு வந்தது. உன் படப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் சேர்ப்பதற்கான மூன்று புதுப் படங்கள். அவற்றைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆனால் முதல் பதிப்பில் நான் செய்த காரியத்தைச் சொல்லாமல் அங்கே போக முடியாது.

என் வேலை உனக்குத் தெரியும். படத்தை ஸ்கேன் செய்து, திரையில் வைத்து, அசலில் இருக்கிற நிறம் அச்சிலும் வருகிறதா என்று பார்ப்பது. கலர் கரெக்‌ஷன் என்று பெயர். பெயர்தான் அப்படி; அசலை நாமாகத் திருத்தவே கூடாத வேலை அது. அசலை விளக்கின் கீழே பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் திரையைத் தொட வேண்டும். பதினெட்டு வருஷமாக அப்படித்தான் செய்தேன். சோப்பு விளம்பரத்துக்குக்கூட அசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருவேன்.

உன் பதினொரு படங்கள் என் மேஜைக்கு வந்தபோது பதிப்பாளர் என் தோளைத் தட்டி, "உங்க அக்கா படம், உங்க கையை விட்டு வேற யாருகிட்டயும் போகக்கூடாது" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பதினொன்றிலும் அதே அறை. அம்மா கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரி அறை. அந்த இரும்புக் கட்டில், கதவு சரியாக மூடாத பீரோ, மருந்து பாட்டில் தொங்குகிற கம்பி. தையல் கடையில் பேண்டுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்த நீ, எங்கேயும் கற்றுக்கொள்ளாமல், அந்தக் கம்பியில் இலை துளிர்க்கிற மாதிரி வரைந்திருந்தாய். சுவர் படிக்கட்டு படிக்கட்டாகத் திறந்துகொண்டே போயிற்று. அம்மாவின் நெஞ்சிலிருந்து வெளிச்சம் வட்டத்துக்குள் வட்டமாகக் கிளம்பி, ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு கண் விழித்திருந்தது.

முதன்முதலில் நீ அதைக் காட்டியபோது, கண் டாக்டர் கடை போர்டு மாதிரி இருக்கிறதே என்று சிரித்தேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "பயமே வரலடா. யாரோ ரொம்ப நாளா நம்மளத் தெரிஞ்சு வச்சிருந்து, இப்பத்தான் திரும்பிப் பாக்குற மாதிரி இருந்துச்சு" என்றாய். அப்போது கேலி செய்தவன், தனியாக இருக்கும்போது அந்தப் பேச்சை எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது.

என்னை உறுத்தியது அந்த வெளிச்சத்தின் நிறம். பழுப்பும் சாம்பலும் கலந்து, தரை துடைத்த தண்ணீர் மாதிரி மங்கலாக இருந்தது. உனக்குப் போன் செய்து, பெயிண்ட் ஏதாவது கெட்டுப்போயிற்றா என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "இல்லடா, அந்த நிறந்தான். நான் என்ன பண்ணட்டும், அப்படித்தான் வந்துச்சு" என்றாய். சரி என்று போனை வைத்தேன். வைத்துவிட்டு உன் அசல் படங்கள் பதினொன்றையும் மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். கறுப்பைக் குறைத்து மஞ்சளை ஏற்றினேன். ஏழாவது படத்தில்தான் அதிகம், அம்மாவின் முகம் தெரிகிற படம். ஒரு மணி நேரத்தில் அறை முழுக்கத் தங்கமாகிவிட்டது. மெஷின்காரர், அசலைக் கொண்டாங்க, ஒத்துப் பார்க்கணும் என்று கேட்டார். அக்கா பார்த்துச் சரி சொல்லிவிட்டார்கள் என்று பொய் சொன்னேன்.

உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இந்த மங்கலை யார் காசு கொடுத்து வாங்குவார்கள், அக்காவைப் பார்த்து நாலு பேர் சிரித்துவிடக் கூடாதே என்று. அதில் பாதிதான் உண்மை.

மீதி இதுதான். அன்று மத்தியானம் அம்மாவுக்கு மூச்சு மாறியபோது நான் ஆபீஸ் போன் என்று சொல்லி வெளியே போனேன் அல்லவா, போன் எதுவும் வரவில்லை. கீழே கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். டீ வாங்கி அதைக் குடிக்கவும் இல்லை. அம்மா போவதைப் பார்க்கப் பயந்து ஓடிவந்தவன் நான், அக்கா. நாற்பது நிமிஷம் கழித்து மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். யார் போனில் என்று நீ கேட்கவே இல்லை. இந்த ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அம்மாவின் உயிர் போகும்போது நீ பார்த்த அந்த வெளிச்சம்தான் அம்மாவுக்குக் கடைசியாகக் கிடைத்தது. அது தரை துடைத்த தண்ணீர் நிறத்தில் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அம்மா தங்கத்தில் போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த அறையிலேயே இல்லாதவன், அந்த அறையின் நிறத்தை மாற்றினேன். இதை எழுதும்போது கூசுகிறது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். புத்தகம் ஓடியது. ஏழாவது படத்தைக் கத்தரித்துத் தலைமாட்டில் வைத்திருப்பதாக ஒருவர் எழுதினார். அந்தத் தங்க வெளிச்சத்தைப் பார்த்து அழுததாக எத்தனையோ பேர் எழுதினார்கள். பதிப்பாளர் ஒவ்வொரு கடிதத்தையும் எனக்குப் படித்துக் காட்டுவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்து அவர் மேலும் பாராட்டுவார். நீ மட்டும் புத்தகம் வந்த அன்று போனில் "அச்சு நல்லா இருக்குடா" என்று சொல்லிவிட்டு உடனே சின்னவளின் இருமலைப் பற்றிக் கேட்டாய். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

இப்போது பார்சலுக்கு வருகிறேன். பிரித்தேன். மூன்று படங்களிலும் அதே அறை, அதே கட்டில். வெளிச்சம் மட்டும் மஞ்சள். பளபளவென்று மஞ்சள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சந்தோஷப்பட்டேன். அக்காவுக்கும் இப்போது தங்கமாகத் தெரிகிறது, நான் செய்தது தப்பில்லை என்று நினைத்தேன். அப்புறம் படம் தீட்டிய இரண்டு அட்டைகளுக்கு நடுவே, ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நீ வைத்திருந்த காகிதம் கீழே விழுந்தது. புத்தகத்திலிருந்து கிழித்த பக்கம். ஏழாவது படம். அதன் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் பொட்டுகள், ஒன்று கொஞ்சம் வெளிர், ஒன்று கொஞ்சம் அழுத்தம். கடைசிப் பொட்டு அச்சு மஞ்சளோடு அப்படியே ஒத்துப்போயிருந்தது. என் தொழிலில் நிறம் ஒத்துப் பார்க்க நாங்கள் செய்கிற வேலையை நீ செய்திருக்கிறாய். என் மஞ்சளை அசலாக வைத்துக்கொண்டு.

அக்கா, உன் கண்மேல் உனக்கே சந்தேகம் வந்துவிட்டதா? தம்பி பதினெட்டு வருஷமாக நிறம் பார்க்கிறவன், ஊரே அழுகிறது, நமக்குத்தான் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாயா? நீ திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை பதிப்பாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் புத்தகத்தை எடுத்து ஏழாவது படத்தைப் பிரித்து வைத்தார். பிறகு, இத்தனை பேருக்கு ஆறுதல் கொடுத்தது அந்த மஞ்சள்தானே, இப்போது அதை எடுத்தால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். இப்படிச் செய்ததாக என் பெயரைப் போட்டே முதல் பக்கத்தில் எழுதித் தருகிறேன் என்றேன். உன் வார்த்தை வரும்வரை மெஷினில் ஏற்ற மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஏழாவது படம்தான். அசலை நிமிர்த்திப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீ தீட்டிய நிறத்திலேயே எடுத்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் திறந்தது என்று எழுத ஆசைதான். இன்னொரு பொய் வேண்டாம். எனக்கு அது இன்னும் மங்கலாகத்தான் தெரிகிறது. ஆனால் அசலைக் கவிழ்த்து வைக்கவில்லை. நான்கு நாளாக என் மேஜையில் எனக்கு நேராகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் அந்தக் கண் என்னைப் பார்க்கிறது. நானும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை எழுந்து போகவில்லை.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை, அது உன் இஷ்டம். அந்தப் புது மஞ்சள் ட்யூபை மட்டும் மூடி வைத்துவிடு. அம்மா எந்த நிறத்தில் போனாள் என்று பார்த்தவள் நீ ஒருத்திதான். நீயும் மறந்துவிட்டால், அன்று அந்த அறையில் அம்மாவோடு யாருமே இல்லை என்று ஆகிவிடும், அக்கா.

ஆசீர்வாதம் கேட்கக் கூசினாலும் கேட்கிற,
உன் குண்டூசி