உம்மாவின் மூச்சும் நீ அனுப்பிய மூக்குப் பெட்டியும்

கிண்ணியா,
2000 ஜனவரி 12, புதன்கிழமை.

அன்பு மகன் கலீலுர் றஹ்மானுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குளிர் நாட்டில் நீ உடல் சுகத்தோடு இருக்க அல்லாஹ் அருள் செய்யவேண்டும். நாங்களும் சுகம் என்று அடுத்த வரியை எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை மகன். உன் உம்மாவுக்குச் சுகமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ பதறாமல் முழுவதையும் வாசி, நான் பதறுகிற பதற்றம் இரண்டு பேருக்கும் போதும்.

அங்கேயிருந்து லீவில் வந்த அபூதாஹிரிடம் நீ கொடுத்துவிட்ட பெட்டி நோன்பு பதினெட்டில் வந்து சேர்ந்தது. வயர், பற்றரி, சிவப்பும் பச்சையுமாக எரிகிற விளக்கு, இப்படியொரு சாமானை இந்தச் சண்டைக் காலத்தில் இந்த ஊருக்கு அனுப்ப உனக்கு எப்படி மனம் வந்தது? படித்துப் படித்து நாட்டு நடப்பை மறந்துவிட்டாயா? வழியில் ஒரு சாவடியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு அபூதாஹிரை ஒரு மணித்தியாலம் நிறுத்திவிட்டார்களாம். இது மூச்சை மணந்து பார்த்து உடம்பில் என்ன வருத்தம் என்று சொல்லும் மெஷின் என்று அவன் சொல்ல, யார் நம்புவார்கள்? கடைசியில் ஒரு ஆமிக்காரன் தானே ஊதிப் பார்த்தானாம், பச்சை எரிந்ததாம், சிரித்துவிட்டு விட்டார்களாம். சிவப்பு எரிந்திருந்தால் அபூதாஹிரின் கதி என்ன என்று யோசித்தாயா? நான் அதைக் குசினியில் கருவாட்டுச் சாக்குக்குள் ஒளித்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து வீடு வீடாகச் சோதனை வந்தது. கருவாட்டு நாற்றத்துக்கு அந்தச் சாக்கில் யாரும் கை வைக்கவில்லை, ஆனால் அவர்கள் வாசல் படலையைத் தாண்டிப் போகும்வரை நான் அடுப்படியை விட்டு நகரவில்லை.

எங்கள் ஊர் ஆட்களின் மூச்சுக் கணக்கு உன் பல்கலைக்கழகத்தில் இல்லை, நீங்கள் இரண்டு பேரும் ஊதி எழுதி அனுப்புங்கள் என்று நீ கேட்டிருந்ததாக அபூதாஹிர் சொன்னான். பச்சை நல்லது, சிவப்பு கூடாது என்றும் சொன்னான். கூட வைத்திருந்த இங்கிலிஷ் கடதாசியை நாங்கள் யாரும் வாசிக்கவில்லை. நோன்பு திறக்கப் பத்து நிமிஷம் இருந்தது, கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் சும்மாதானே இருக்கிறோம் என்று இரண்டு பேரும் ஊதினோம். எனக்குச் சிவப்பு. உம்மாவுக்கும் சிவப்பு. பாங்கு சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை, உம்மாதான் பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே வருத்தமா, ஒன்றாகவே போகப்போகிறோமா, யார் யாரை அடக்குவது என்றெல்லாம் யோசனை போய்விட்டது. மறுநாள் பக்கத்து வீட்டு ஸுல்பிகா டீச்சர் கடதாசியை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பசித்த உடம்பு தன் கொழுப்பையே எரிக்குமாம், அப்போது மூச்சில் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரின் மணம் வருமாம், மெஷின் அதைச் சீனி வருத்தம் என்று எடுத்துக்கொள்ளுமாம், ஆகவே சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் ஊதவேண்டுமாம். "நோன்பாளிட வாயப் பத்தி இங்கிலாந்து மெஷினுக்கு என்ன தெரியும் மாமா" என்றாள். நாங்களும் சிரித்தோம். பெருநாள் முடியட்டும் என்று பெட்டியைத் திரும்பச் சாக்குக்குள் போட்டுவிட்டேன். சாப்பிட்டு, இரவில் தறாவீஹ் தொழுதுவிட்டு வந்து ஊதியிருக்கலாம், அது என் மூளைக்கு எட்டவில்லை.

பெருநாள் அன்று வயிறாரச் சாப்பிட்டு, மணிக்கூட்டைப் பார்த்து இரண்டு மணித்தியாலம் கழித்து ஊதினோம். எனக்குப் பச்சை, ஸுல்பிகாவுக்குப் பச்சை, உம்மாவுக்குச் சிவப்பு. கருவாட்டு மணம் மெஷினின் மூக்கைக் கெடுத்துவிட்டது என்று நான் பெட்டியைத்தான் ஏசினேன். அஸருக்குப் பிறகு திரும்ப ஊதினோம், எனக்குப் பச்சை, அவளுக்குச் சிவப்பு. அப்போதுதான் ஸுல்பிகா துருவித் துருவிக் கேட்டாள். உம்மா குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாளாம், சட்டையை இரண்டு தரம் பிடித்துத் தைத்திருக்கிறாளாம், நோன்பில் எல்லாரும் மெலிவதுதானே என்று எனக்குச் சொல்லவில்லையாம். டிஸ்பென்சரிக்காரர் வந்து சிறுநீரைச் சோதித்துவிட்டு, சீனி எக்கச்சக்கமாகக் கூடிவிட்டது, கெதியாகத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், பிந்தினால் மயக்கம் போட்டுவிடும் என்றார்.

மகன், உனக்கு ஒன்றை மறைக்க ஏலாது. அந்த மணம் எனக்கு முன்பே தெரியும். நோன்புக்குக் கொஞ்ச நாளுக்கு முன்பே, சோறு போடக் குனியும்போது அவள் வாயிலிருந்து கனிந்து கெட்ட அன்னாசியின் மணம் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என்ன றுக்கியா, பழக்கடை போட்டிருக்கிறாயா என்று பகிடி பண்ணினேன். கராம்பு வாங்கிக் கொடுத்து, வாயில் போட்டு மெல்லு என்று சொன்னேன். அன்றிலிருந்து அவள் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டுதான் என்னோடு கதைத்தாள், படுத்தாலும் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் பெட்டி மணந்ததை என் மூக்கு எப்போதோ மணந்துவிட்டது, ஆனால் அந்த உடம்போடு அவளை ஒரு மாதம் நோன்பு பிடிக்க விட்டுவிட்டேன்.

மூன்று நாளாகத் துறையில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றுகிற மிதவைப் பாதை ஓடவில்லை. அக்கரையில் ஏதோ நடந்ததாம், என்னவென்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. நாளைக் காலையில் விடுவார்கள் என்று கதை. உன் உம்மா அந்தப் பாதையில் கால் வைத்துப் பத்து வருடமாகிறது. தொண்ணூறில் துறைக்குப் போன அவள் கூடப்பிறப்பு, உன் முஹம்மது தம்பி மாமா, திரும்பி வராததிலிருந்து அவள் அந்தப் பக்கமே போகவில்லை. "எனக்கு அந்தத் தண்ணியக் கடக்க ஏலா, மௌத்தாப் போறதெண்டா இஞ்சயே போறன்" என்று இரண்டு நாளாக ஒரே பிடிவாதம். இன்று ளுஹருக்குப் பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முக்காட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இனி மூடாமல் கதை என்றேன், கராம்பு கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். பிறகு, "சாவடியில என்னத் தனிய விட மாட்டீங்கதானே" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். பெண்களைத் தனி அறைக்குள் கொண்டுபோய்த்தான் சோதிக்கிறார்கள், அங்கே என்னை விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குச் சொல்லவில்லை.

பெட்டியை வீட்டிலேயே விட்டுப் போகிறோம். டொக்டருக்குக் காட்ட சிவப்பு, பச்சை, நேரம் என்று ஒரு துண்டில் எழுதினேன், பிறகு அதற்கும் விளக்கம் கேட்பார்களே என்று பயந்து அடுப்பில் போட்டுவிட்டேன். எல்லாம் மனப்பாடம். நீ உன் படிப்பை விடாதே, தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு, ஆனால் இன்னொரு பெட்டியை யார் கையிலும் கொடுத்துவிடாதே. உம்மா உனக்கு ஸலாம் சொல்கிறாள், நெஞ்சுக்குக் குளிர் படவிடவேண்டாமாம். அல்லாஹ் உன்னைக் காக்கட்டும், எங்களுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேள்.

ஒன்றை மறந்துவிடாதே மகன். இந்தக் கடிதத்தை ஒட்டி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறேன், அவளோடு கடந்தால் அக்கரையில், கடக்காவிட்டால் இங்கே திரும்பி வந்து தபாலில் போடுவேன். உறையைத் திருப்பிப் பார். தபால்கந்தோர் அடித்த முத்திரை திருகோணமலை என்றிருந்தால் உன் உம்மா அக்கரை போய்ச் சேர்ந்துவிட்டாள். கிண்ணியா என்றிருந்தால் அவள் திரும்பி வந்துவிட்டாள், என் சொல் எடுபடவில்லை. இங்கேயிருந்து வெளிநாட்டுக்குக் கோல் போகாது, அப்படியானால் அந்த நிமிஷமே நீ ஸுல்பிகா வீட்டுக்குக் கோல் எடு, நீ சொன்னால் கேட்பாள்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மு. ஸெய்னுதீன்