சூடாகத் தந்த சிலிண்டர்

இன்று காலை சிலாவத்துறைக் கரையில், சுழியோடிகளுக்காக அப்போதுதான் நிரப்பி வைத்திருந்த காற்றுச் சிலிண்டர் ஒன்றில் தெரியாமல் கைவைத்துவிட்டேன். சுட்டது. நீ செத்துப்போய் இருபத்தாறு நாளாகிறது. எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம்.

உயர்தரம் படித்தபோது, ஒரு வாயுவை ஒரு பாகை சூடாக்கத் தேவையான வெப்பம், அதுதான் தன்வெப்பம், ஏன் இரண்டு என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. நீதான் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்மைக் கொண்டுவந்து விளங்கப்படுத்தினாய். "பிடியை அசையாமக் கட்டினா, குடுக்கிற சூடு முழுக்கக் காத்தைத்தான் சூடாக்கும். அவிட்டு விட்டா, காத்து பிடியையும் தள்ள வேணுமெல்லோ? அந்த வேலைக்கும் சூடு போகும். அதுதான் அதே ஒரு பாகை கூட்ட, இன்னும் கூடச் சூடு குடுக்கோணும்." பிறகு பம்மின் வாயை விரலால் அடைத்து அமுக்கினாய். "இப்ப நாங்கள் தள்ளின வேலை சூடாகி உள்ளுக்குப் போயிட்டுது. தொட்டுப் பார் மச்சான்."

பிற்காலத்தில் நீ கொம்பிரசர் வைத்துச் சிலிண்டருக்குக் காற்றடித்தாய். நான் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடினேன். அடிக்கும்போது சிலிண்டரைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் நிறுத்துவது வழக்கம். சூட்டோடு பார்த்தால் மீட்டர் ஊசி நிறைந்ததாகக் காட்டும், கடலுக்குள் ஆறினால் இறங்கிவிடும். அந்த ஒரு நாள் மட்டும் வள்ளங்கள் காத்து நின்றன. நீ பீப்பாவை விட்டுவிட்டு அவசரமாக அடித்தாய்.

"சுடுதடா, ஆறினா ஊசி இறங்காதோ?" என்று கேட்டேன்.

"உனக்குக் கொஞ்சம் கூடத்தான் ஏத்தியிருக்கிறன். யோசியாமப் போ" என்றாய்.

போனேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன். அடியில் காற்று நேரத்துக்கு முன்பே தீர்ந்தது. மூச்சுமுட்டி ஒரேயடியாக மேலே வந்ததில், இரத்தத்தில் வாயு குமிழியாகி வலது கால் மரத்துப் போனது. இன்றும் இழுத்துத்தான் நடக்கிறேன். அதைக்கூட விட்டுவிடுவேன். நான் ஆஸ்பத்திரியில் கிடக்க, நீ கரையில் என்ன சொன்னாய்? "ஆசையில கனநேரம் கீழ கிடந்திட்டான்." ஊர் நம்பியது. என் மனிசியும் கொஞ்சம் நம்பினாள். அதன் பிறகும் நத்தார்ப் பண்டிகைக்குப் பலகாரத்தோடு வந்து என் வீட்டுக் கதிரையில் இருந்தாயே, பாவி.

உன் மனைவி முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னாள். இதையா கொடுப்பது? 'பௌதிகவியலை இவனைப்போல விளங்கப்படுத்த ஆளில்லை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அது உண்மை. நீ தெரியாமல் செய்துவிட்டாய் என்று எத்தனையோ தடவை மனதைத் தேற்றிப் பார்த்தேன். அவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்தவனை, தெரியாதவன் என்று எப்படியடா நம்புவது?